எட்டாவது படியில் காற்று

அந்த வீட்டின் மாடியறையில் தண்ணீர் அடுப்பில்லாமல் கொதிக்கும். கொதித்துக்கொண்டே உறைந்தும் போகும். மற்றபடி வீடு வசதியானது, வெளிச்சத்துக்கும் குறைவில்லை.

வீட்டுக்காரி ராக்கெட் செய்யும் அலுவலகத்தில் பொறியாளர். அங்கே எல்லோருக்கும் அவள் காற்றுக்காரி. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்திலும் காற்று மிஞ்சிப்போனால் எவ்வளவு சுடும், எவ்வளவு குளிரும், எவ்வளவு அடர்த்தியாகும், எவ்வளவு மெலியும் என்று கணித்துக் கொடுப்பாள். அதைத் தாங்கும்படி ராக்கெட்டைச் செய்வார்கள். காற்று எல்லா உயரத்திலும் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை, கீழே மிஞ்சினால் மேலே குறையும். அது தெரிந்திருந்தும், மேலதிகாரி அவசரப்படுத்துகிறாரே என்று, எல்லா உயரத்தின் மோசத்தையும் ஒரே நாளில் அடுக்கிவிட்டாள். "இப்படி ஒரு நாள் வரவே வராது சார்" என்றாள். "வராட்டி நல்லதுதானே? எதுக்கும் இருக்கட்டும்மா" என்றார் அவர். கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலையே அந்த நாள் அவள் வீட்டுக்கு வந்துவிட்டது. படிக்கு ஒரு கிலோமீட்டராக மாடி வரை ஏறி நின்றது. கூடத்தில் வெக்கை தாங்கவில்லை. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த கணவன் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். தெருவுக்கே கேட்கும் அவன் குறட்டை நின்றுபோயிருந்தது. பதறிக்கொண்டு ஏறியவளுக்கு எட்டாவது படிக்கு மேல் மூச்சு கிடைக்கவில்லை. அவனே நிதானமாக இறங்கி வந்தான். உதடு நீலம். அந்தக் குளிரிலும் வாயிலிருந்து ஆவி வரவில்லை. எட்டாவது படியில் நின்று, "இதுக்குக் கீழ வந்தா நெஞ்சை அமுக்குதுடி" என்றான். குரல் நூலாக இருந்தது. அந்த எட்டு கிலோமீட்டர் உயரத்தில் மட்டும் காற்றின் அடர்த்தி கோடையிலும் குளிரிலும் அவ்வளவாக மாறாது. மோசமும் வழக்கமும் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர்கள் சேர்ந்து உட்கார வேறு இடமில்லை.

வருடங்கள் போயின, அந்த நாள் போகவில்லை. எல்லாவற்றையும் தாங்கும்படி செய்த ராக்கெட் கனத்துப்போய் தரையை விட்டு எழும்பவில்லை. அதன் இறக்கையில் புறா கூடு கட்டியது. ஒருமுறை மனம் கேட்காமல் உச்சி உயரத்தின் எண்ணைக் கொஞ்சம் திருத்தினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், அவன் படியில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடினான். அங்கிருந்தே போன் போட்டுப் பழைய எண்ணைத் திரும்பப் போடச் சொன்னாள். அவன் எழுந்து உட்கார்ந்து, "எங்க போயிட்ட?" என்றான். நல்ல காற்று இனி அவனுக்கு ஆகாது என்று புரிந்ததும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது.

புது மேலதிகாரி வந்தார். "வராத நாளுக்காக ஒரு ராக்கெட்டையே நிறுத்தி வச்சிருக்கீங்களேம்மா, திருத்திக் கொடுங்க" என்று கெஞ்சினார். "வந்திருச்சு சார், வீட்டுலதான் இருக்கு" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போனார். அவள் எதையும் திருத்தவில்லை.

மாலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எட்டாவது படிக்கு ஏறுகிறாள். அவன் பாடுகிறான். கேட்பதற்கு அவன் வாயோடு காதை ஒட்டி வைக்க வேண்டியிருக்கிறது. மூச்சு காதில் படுவதில்லை. பாட்டு கேட்கிறது.