பொய் வெயில்

"மழை தூறுது. பரவாயில்லை அண்ணை, வெயிலைப் பிறகு கொம்பியூட்டரிலை போடுங்கோ," என்றான் மாப்பிள்ளை ஐங்கரன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் பிழை அவனில் இல்லை. பாரிஸ் லா சப்பலில் கல்யாண அல்பம் செய்கிற என்னைப் போன்ற படப்பிடிப்பாளர்கள்தான் சனத்தை இப்படிப் பழக்கினோம்: பின்னால் சுவிஸ் மலை, மேலே பொய் வெயில்.

மொன்மொரன்சிக் காட்டுக்குள் அவனையும் மணப்பெண் லக்சிகாவையும் ஒரே குடைக்குள் நிறுத்தினேன். வெயிலில் வெளிறிப்போகிற இலையுதிர்கால மஞ்சளும் சிவப்பும் மழையில் நனைந்து அடர்ந்து நின்றன. எடுத்த படத்தைக் கமெராவிலேயே காட்டினேன்.

"வடிவாயிருக்கு. எப்ப அண்ணை இந்தக் கலர் போட்டனீங்கள்?"

லக்சிகா அவன் நாடியைப் பிடித்து மரங்களின் பக்கம் திருப்பினாள். அவன் கனநேரம் பார்த்தான். மேகம் விலகத் தொடங்கியதும் அவனே அவசரப்படுத்தினான்:

"கெதியா எடுங்கோ அண்ணை, வெயில் வரப்போகுது!"