வா என்று யாரும் சொல்லவில்லை

சட்ட விழிப்புணர்வு முகாமுக்குக் கறுப்புக் கோட்டோடு போகக் கூடாது என்பதை நாங்கள் முதல் முகாமிலேயே கற்றுக்கொண்டோம். கோட்டைப் பார்த்ததும் தெருவில் பாதி வீடு கதவைச் சாத்திக்கொண்டது. ஜப்தி செய்ய வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நானும் நிஹாலும் ராஜகுமாரும் சாதாரண உடுப்பில்தான் போகிறோம். மூன்று பேரும் நாகர்கோவில் கோர்ட்டில் சீனியர்களுக்குப் பின்னால் ஓடுகிற புது வக்கீல்கள். சனிக்கிழமையானால் ஒரு மைக்செட்டை நிஹாலின் பழைய காரில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஓர் ஊருக்குக் கிளம்பிவிடுவோம். "ஜிஷா, உனக்கு வேற வேலை இல்லியாட்டி?" என்று அம்மா கேட்பாள். வேலை இருந்தால்தானே!

தேங்காய்ப்பட்டணத்தில் பெண்களுக்கென்று நடந்த முகாமில் குடியிருக்கும் உரிமையைப் பற்றி நான் பேசினேன். அது எனக்கு நன்றாக வருகிற பேச்சு.

"வீடு புருஷன் பேருல இருக்கலாம், மாமியார் பேருல இருக்கலாம். ஆனா வாழப்போன வீட்டுல இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. சட்டப்படி இல்லாம யாரும் உங்களை வெளிய போன்னு சொல்ல முடியாது."

நல்ல கைதட்டல். நான் மைக்கைக் கீழே வைக்கப் போகும்போது, பின்வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"வக்கீலம்மா, வெளிய போன்னு என்னை யாரும் சொல்லல்ல. வான்னு சொல்லல்லேன்னா, அதுக்கும் சட்டம் உண்டா?"

கூட்டம் கலைந்ததும் நேராக அவளிடம் போய் உட்கார்ந்தேன்.

அவள் பெயர் ஷாஹினாஸ். குளச்சலில் கட்டிக்கொடுத்த பெண். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவள். எங்கள் பக்கத்தில் எந்தச் சாதி, எந்த மதமானாலும் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்த பிறகு கணவன் வீட்டுப் பெண்கள் பலகாரத்தோடு வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அழைக்காமல் தானாகப் போகிறவளுக்கு அந்த வீட்டில் அப்புறம் மதிப்பில்லை. ஷாஹினாசின் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். கூட்டிப்போக இன்னும் ஆள் வரவில்லை.

"பிள்ளைக்குப் பேரு விட்ட அன்னைக்கு மாமி வர நேரமாயிட்டு" என்றாள். "வந்த ஆளுகள நிறுத்தி வைக்க முடியாம எங்க வாப்பா பேர விட்டுட்டாவ. அதுல பிணங்குனதுதான்."

கணவன் சபீர் கல்ஃபில் இருக்கிறான். தினமும் ஃபோன் செய்வான், பிள்ளையைக் கொஞ்சுவான். எப்போது கூட்டிப்போவீர்கள் என்று கேட்டால் மட்டும் "உம்மா சொல்லட்டும்" என்பான். அந்த உம்மா, சைனப் பீவி, இப்போது மகனுக்கு வேறு பெண் விசாரிப்பதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்திருந்தது.

நான் உடனே மனு, பாதுகாப்பு அலுவலர், தேவைப்பட்டால் போலீஸ் என்று அடுக்கினேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"போலீசு கொண்டு விட்ட பெண்ணுன்னு ஆன பொறவு எனக்கு அந்த வீட்டுல உரிமை இருக்கும். மரியாத இருக்குமா? எனக்கு அவரு வேணும் வக்கீலம்மா. அந்த வீடு வேணும். மாமியும் வேணும்."

திரும்பி வரும்போது காரில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சட்டத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறவளை என்ன செய்வது?

"ஏட்டி, அவ கேஸா கேட்டா? கூப்பிட ஒரு ஆளு கேட்டா" என்றான் நிஹால்.

"அதுக்கு நான் போய் மாமியாக்காரி கால்ல விழணுமா?"

பின்சீட்டில் மைக்செட்டோடு மைக்செட்டாக நசுங்கியிருந்த ராஜகுமார் சொன்னான். "பேசாம அடுத்த முகாமை அந்த மாமியாருக்க தெருவுல போடுவோம். நாடகமும் போடுவோம்."

சிரித்தோம். கருங்கல் ஊரைத் தாண்டுவதற்குள் சிரிப்பு நின்று, நாடகம் எப்படி இருக்க வேண்டும் என்று சண்டை போட ஆரம்பித்திருந்தோம். ஷாஹினாசைக் கேட்காமல் செய்வது முறையில்லை என்பதால் மறுநாள் ஃபோன் செய்தேன். என்ன செய்யப் போகிறோம் என்று இரண்டு தரம் சொல்ல வைத்துக் கேட்டாள். "எனக்க பேரு வரப்பிடாது. பேரு விட்ட கதை வந்தா வரட்டும்" என்றாள் கடைசியில்.

நாடகத்தை நான்தான் எழுதினேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஒரு மாமியாரை ஆசைதீர எழுதினேன். குளச்சலில் அந்தத் தெருமுனையில் நாற்காலி போட்டு, சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஆரம்பித்தோம். ராஜகுமார் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கீச்சுக்குரலில் மாமியாராகக் கத்தினான். நான் மருமகள். என் கையில் சுருட்டிய துவர்த்துத் துண்டுதான் பிள்ளை. நிஹால் நீதிபதி. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் சைனப் பீவி என்று பக்கத்தில் இருந்தவர்கள் ஜாடையாகப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

நிஹால் தீர்ப்பு சொல்லப் போகும்போது அவர் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்கோ. மாமியாக்காரிக்கு வாயி உண்டு, அது கத்துகதுக்கு மட்டுந்தானா? அவ என்ன சொல்லுகான்னு ஆராவது கேட்டியளா?"

ராஜகுமார் தலைத்துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு மைக்கை அவரிடம் நீட்டினான். "நீங்க சொல்லுங்கோ உம்மா. இனி இந்த வேஷம் உங்களுக்கு."

வாங்கமாட்டார் என்று நினைத்தேன். வாங்கினார்.

"முதல் பேத்திக்குப் பேரு விடப் போனா இந்த மாமியாக்காரி. வழியில காரு கெட்டு நின்னுபோச்சு. இப்ப வந்திருவோம், நில்லுங்கோன்னு ஃபோன்ல சொன்னா. போய் இறங்கினா, பேரும் விட்டாச்சு, சோறும் விளம்பியாச்சு. கூட்டிட்டுப் போன சொந்தக்காரங்க முன்ன எச்சிலெலய பாத்துட்டு நின்னா அவ. இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளு வந்து, தப்பாயிப்போச்சு மாமின்னு சொல்லல்ல."

ஷாஹினாசிடம் அத்தனை கேள்வி கேட்ட நான், இந்த அம்மாவிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. வசனம் எழுதிய காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினேன்.

"அது தப்புதான் மாமி" என்றேன், மருமகளாகவே. "நில்லுங்கன்னு நீங்க சொன்னத எங்க வாப்பா கேட்டிருக்கணும். ஆனா நான் அப்ப பெற்று உள்ள கெடந்தேன். என்னைக் கேட்டா பேரு விட்டாவ? தப்பு செய்தவங்க வெளிய இருக்காவ. தண்டனை எனக்கும் எனக்க பிள்ளைக்கும் தந்துட்டியளே மாமி."

சைனப் பீவி என் கையிலிருந்த துவர்த்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ள நடக்குதா?" என்று கேட்டார்.

"செவரைப் பிடிச்சு நிக்குது மாமி."

அவர் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தத் தெருப் பெண்கள் எங்களை விடவில்லை. தாய்வீட்டுக்கு வந்தால் உரிமை போய்விடுமா, புருஷன் வெளிநாட்டில் இருந்தால் யார்மேல் மனு கொடுப்பது என்று இருட்டும்வரை கேட்டார்கள். எத்தனையோ முகாம் நடத்தியிருக்கிறோம், அன்றுதான் எங்களுக்குத் தொண்டை கட்டியது.

அடுத்த வாரம் ஷாஹினாஸ் ஃபோனில் அழுதாள், சிரித்தாள். "வருகாவளாம் வக்கீலம்மா. அந்த நாடகக்காரியும் நிக்கணுமாம், மாமி சொன்னாவ."

போனோம். குளச்சலிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வட்டிலப்பமும் அல்வாவுமாக வந்து இறங்கினார்கள். ஷாஹினாசின் வாப்பா வாசலுக்கு ஓடிவந்து, "தப்பு எங்க பக்கந்தான்" என்றார்.

"காரு நின்னா நாலு ஆளு காத்து நிக்கப்பிடாதா?" என்று எல்லாரும் கேட்க ஒருதரம் சத்தம் போட்டார் சைனப் பீவி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கதவுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து, "வா மக்கா, நம்ம வீட்டுக்குப் போவும்" என்றார்.

ஷாஹினாஸ் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தாள். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் கழிந்ததுமே கட்டிவைத்த பையாம். இன்று வருவார்கள், நாளை வருவார்கள் என்று அவிழ்க்கவே இல்லையாம். சைனப் பீவி அதைத் திறந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்துப் பேத்தியின் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். பாதிக்குக்கூடக் காணவில்லை. சட்டையை மூக்கோடு சேர்த்துக்கொண்டு அவர் அழுதபோது நானும் அழுதேன்.

வேனில் ஏறுவதற்கு முன் ஷாஹினாஸ் என் கையைப் பிடித்தாள். மாமியார் காதில் விழும்படியே சொன்னாள்.

"வக்கீலம்மா, வான்னு சொன்னாவ, போறேன். இனி போன்னு சொன்னா போவ மாட்டேன். அது எனக்க வீடு."

நான் அவள் கையை அழுத்தினேன். இப்போதுதான் ஒட்டிய உறவு! சைனப் பீவி திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன்னு ஆருட்டி சொல்லுவா?" என்றார். "பிள்ளய இஞ்ச தா. நீ பைய எடு."