ஒன்பதாம் எண்ணின் நீல மூடி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பேரே மூக்கம்மா. அதிமதுர வேரை ஊறவைத்து, வடித்து, சாறெடுக்கிற வேலையில் பன்னிரண்டு வருஷம். முகர்ந்து பார்த்தே வேர் பழசா புதுசா என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. கெட்டதும் அதனால்தான்.

அவளுடைய அண்ணிக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு விழுந்தது. கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தவளை, மேனேஜர் நைசாகப் பேசி, ஃபோன் எடுக்கிற உள்ளறைக்குத் தள்ளிவிட்டார். அங்கே ஜன்னல்கூடக் கிடையாது. மூன்று மாசம் பார்க்கலாம், முகம் தெளிந்தால் பழைய இடம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்றாராம். கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் இப்படி ஒரு கண், நாசமாய்ப் போக.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில், மங்கைப் போக்குகிற அதிமதுரக் க்ரீமுக்குச் சோதனை தொடங்கியது. முப்பது பெண்கள், ஆளுக்கு இரண்டு ட்யூப். ஒன்றில் சாறு கலந்த க்ரீம், இன்னொன்றில் வெறும் க்ரீம். இடது கன்னத்துக்குச் சிவப்பு மூடி, வலதுக்கு நீல மூடி, பன்னிரண்டு வாரம். எந்த மூடியில் சாறு என்பது ஆளுக்கு ஆள் மாறும்; பூசுகிறவளுக்கும் தெரியாது, கன்னத்தின் கருப்பை அளக்கிறவளுக்கும் தெரியாது. அண்ணியை ஒன்பதாம் எண்ணாகச் சேர்த்துவிட்ட மூக்கம்மா, சொந்தம் என்று மூச்சு விடவில்லை.

ஆனால் ஒரு கன்னம் தெளிந்து மறு கன்னம் கருத்து நின்றால் எந்த மேனேஜர் மேஜையைத் திருப்பித் தருவான்? இரண்டு மூடியையும் திறந்து முகர்ந்தாள். சிவப்பில் வேர் வாசனை தூக்கலாக இருந்தது. நீலத்தில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"சிவப்புதான் அண்ணி. அதையே ரெண்டு பக்கமும் போடுங்க. நீலம் வெறும் க்ரீம்."

அண்ணி காலையும் மாலையும் மருந்து மாதிரி பூசினாள். நாலாவது வாரம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தாள். எட்டு வாரமாவது ஆகும் என்றாள் இவள். எட்டாவது வாரம் பன்னிரண்டு என்றாள். பதின்மூன்றாவது வாரம் வரவேற்பு மேஜையில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்தாள்.

அதே வாரம் கம்பெனியில் ரகசியப் பட்டியலைப் பிரித்தார்கள். சாறு பட்ட கன்னம் இருபத்தாறு பேருக்கு நன்றாகத் தெளிந்திருந்தது. ஒரே கைதட்டல். ஒன்பதாம் எண்ணுக்கு நேரே, சாறு நீல மூடியில் என்று இருந்தது. மூக்கம்மா அந்த வரியை விரல் வைத்து இன்னொரு தரம் படித்தாள்.

க்ரீம் கலக்குகிறவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். சாறு சேர்ந்த க்ரீமில் வாசனையை எடுத்துவிட்டாராம். வெறும் க்ரீமில்தான் வேர் வாசனை சேர்த்தாராம்.

"நம்ம மூக்கம்மாவே ஏமாறணும்னு கொஞ்சம் தூக்கலாவே போட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். ஒன்பதாம் எண்ணுக்கு மட்டும் இரண்டு கன்னமும் அசையவில்லையே என்று தலைமை ஆய்வாளர் கேட்டபோது, உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வேலை போய்விடும் என்ற பயமும் கூடவே வந்தது. சிலர் தோல் அப்படித்தான் என்று ஒரே போடாகப் போட்டாள்.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு ஓடினாள். அண்ணி தரையில் சம்மணமிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நீல மூடி ட்யூபை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"அதுவா? தீர்ந்துபோச்சே. வெறும் க்ரீம்தானே, வீணாக்குவானேன்னு காலுக்குப் போட்டுட்டேன்." அண்ணி காலை நீட்டிப் புடவையைக் கொஞ்சம் தூக்கினாள். "இந்தக் கணுக்கால் கருப்பு எத்தனை வருஷமா இருந்துச்சு, உனக்கே தெரியும். இப்ப பாரேன்."

வழவழவென்று, ஒரு புள்ளி கருப்பில்லாமல் இருந்தது கணுக்கால். அதற்கு மேலே, அண்ணியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"வெறும் க்ரீமே இவ்வளவு நல்லா வேலை செய்யுது. என் மூஞ்சி ராசிக்குத்தான் எதுவும் கேக்கல. விடு, நீ எனக்காக எவ்வளவு பண்ணியிருக்க."

"ஆமா அண்ணி," என்றாள் மூக்கம்மா, "கால் நல்லா இருக்கு."