சிங்காரவேலின் ஒரே பட்டன்

ஒரே பட்டனை அமுக்கினால் போதும், படம் தானாக ஓடும் என்று விருத்தாசலம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான், பீங்கான் பொம்மை யூனிட் முதலாளி சிங்காரவேல். தொண்ணூற்றெட்டில் சிங்கப்பூர் மச்சான் அனுப்பிய, மற்ற ரிமோட்டுகளின் வேலையைக் கற்றுக்கொள்ளும் ரிமோட் அது. டி.வி., சி.டி. பிளேயர், ஆம்ப்ளிஃபயர் மூன்றின் ரிமோட்டுகளையும் அதன் மூக்குக்கு எதிரே பிடித்துப் பாடம் சொல்லிக்கொடுத்து, எது முன்னே எது பின்னே என்று வரிசையும் போட்டுவைத்தான்.

டி.வி. ஸ்டெபிலைசருக்கும் டியூப்லைட்டுக்கும் ஜன்னல் திரைக்கும்தான் ரிமோட் இல்லை. அதற்கென்ன, கட்டிய மனைவி தேவி இருக்கிறாளே! ரிமோட்டில் அங்கங்கே சில விநாடி இடைவெளி விட்டான். முதல் இடைவெளியில் அவள் ஓடி ஸ்டெபிலைசரைப் போடுவாள், டி.வி. வரும். லைட்டை அணைப்பாள், ஆம்ப்ளிஃபயர் வரும். திரையை இழுப்பாள், படம் ஓடும். வந்தவர்களெல்லாம் ரிமோட்டை மெச்சுவார்கள். தேவி இருட்டில் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்திருந்தபோது அடுப்பில் தோசை கருகியது. தேவி ஸ்டெபிலைசருக்கு வரத் தாமதமாகிவிட்டது. டி.வி. செத்துக் கிடக்க, படமே இல்லாமல் வில்லன் மட்டும் ஹால் அதிரச் சிரித்தான்.

"மெஷின் தப்பே பண்ணாதுங்க. இவதான் லேட்டு" என்றான் சிங்காரவேல், அத்தனை பேர் முன்னாலும்.

மறுநாள் காலை தேவி பெண்ணாடம் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் இல்லாமலே ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்று இவனுக்கு வீம்பு. ஆனால் எல்லாம் முடியும்வரை ரிமோட்டை நேராகப் பிடித்திருக்க வேண்டும், அதே நேரம் ஓடவும் வேண்டும். யூனிட்டில் வேலை செய்யும் அர்ச்சுனனிடம் சொல்லி, சூளையில் சுருங்குவதற்கும் இடம் விட்டு, ரிமோட்டைப் பிடிக்க ஒரு பீங்கான் கை செய்யவைத்தான்.

"இது எந்த சாமியோட கைங்க?" என்றான் அர்ச்சுனன்.

"என் கைதான்யா!"

வீட்டில் பீங்கான் கை ரிமோட்டைப் பிடித்தது, சிங்காரவேல் ஓடினான். ஸ்டெபிலைசரைப் போட்டான். லைட்டை அணைத்ததும் இருட்டில் டீப்பாயில் முட்டி, ரிமோட்டுக்குக் குறுக்கே விழுந்தான். ஆம்ப்ளிஃபயருக்குச் சேதி போகவில்லை. படம் ஊமையாக ஓடியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தபோதுதான், இத்தனை நாளும் ஒருத்தி ஒன்றிலும் முட்டிக்கொள்ளாமல் இதைச் செய்தாளே என்று உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. தேவி இல்லாத வீடு அவனுக்குப் பிடிக்கவேயில்லை.

நொண்டிக்கொண்டே பெண்ணாடம் போனான், ரிமோட்டோடு.

"வூட்டுக்கு வா தேவி. தப்பு எம்மேலதான்."

"நம்ம வூட்டுல ஒரு படத்தோட ஆரம்பத்தக்கூட நான் பார்த்தது கெடையாதுங்க. தெரியுமா ஒங்களுக்கு?"

அவனுக்குத் தெரியாது. அவள் கையை நீட்டி ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் அதில் எதையோ அமுக்கிக்கொண்டே வந்தாள். வரிசையை எப்படிப் போடுவது என்று அவன் ஊருக்கெல்லாம் விளக்கும்போது கேட்டவள்தானே.

வீட்டுக்கு வந்ததும் சோபாவில் நடுவாக உட்கார்ந்தாள். "ம், ஓடுங்க" என்று பட்டனை அமுக்கினாள்.

சிங்காரவேல் ஓடினான். ஸ்டெபிலைசர், லைட்டு, திரை என்று ஒன்றும் தவறவில்லை. ஆனால் படம் வரவில்லை.

"என்ன தேவி, நின்னு போச்சா?"

"நிக்கலங்க. டீக்கு கேப் வுட்டுருக்கேன். சீக்கிரம் போங்க."

அவன் இருட்டில் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போனான். பால் பொங்குவதற்குள் ஹாலில் படம் ஆரம்பித்துவிட்டது.