குட்டைக் கொள்ளைக்காரனின் பாட்டு

ஹார்லோ ஊரிலிருந்து எந்தத் திசையில் காரை விரட்டினாலும் கடலைப் பார்க்க முழுசாக இரண்டு நாள் ஆகும். நெப்ராஸ்காவின் நட்டநடுவில், சோளக்கொல்லைகளுக்கு மத்தியில் கிடக்கிற ஊர் அது. அங்கே போய் ஒருவர் கடலோரக் காவல் படையில் இருந்தவன் என்று சொல்லிக்கொண்டால் யார் சும்மா விடுவார்கள்? வெர்லின் ஹாவெல்காவை முப்பது வருஷமாக யாரும் சும்மா விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் மார்ஜ் காப்பிக் கடையில் கூடுகிற முன்னாள் படைக்காரர்கள் நாலு பேர். கப்பலில் போய்க் கரையிறங்கிச் சண்டை போடுகிற மரைன் படையில் இருந்த டோயில் பிரக்மன்; அவர் பட்டப்பெயர் கிரேயான் தின்னி, ஏனென்றால் மரைன்காரனுக்கு எழுத வண்ணக்குச்சி கொடுத்தால் தின்றுவிடுவானாம். தரைப்படை ராய்ஸ் டக்கருக்கு நாய்மூஞ்சி என்று பெயர். கடற்படையில் வானொலிப் பிரிவில் இருந்த லொரெட்டாவுக்குக் கணவாய் மீன். கடைசியாக நம்ம வெர்லின், குட்டைத் தண்ணீரில் கொள்ளையடிக்கிற குட்டைக் கொள்ளைக்காரன். குளத்தில் கப்பல் ஓட்டினவன், கரையிலிருந்து அம்மா கண்ணில் படுகிற தூரத்திலேயே போர் செய்தவன் என்றெல்லாம் டோயில் அளந்துவிடுவார். வெர்லினும் விடமாட்டார். ஆரிகன் கரையில், ஆறு கடலில் விழுகிற இடத்தில், மூன்று ஆள் உயர அலைக்குள் படகை விட்டு மீன்பிடிக்காரர்களை இழுத்துப் போட்டவர் அவர். அதைச் சொல்லிப் பெருமை பேசமாட்டார். டோயிலின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கிரேயானை வைத்து, "சூடா இருக்கும்போதே சாப்பிடு" என்பார். அவ்வளவுதான், கொலாச்சி என்கிற பழ ரொட்டி ஆறிப்போகும்வரை சண்டை நடக்கும். அந்தச் சண்டைக்காகத்தான் நாலு பேரும் வாரம் முழுக்கக் காத்திருந்தார்கள்.

பிப்ரவரியில் வெர்லினுக்குப் பக்கவாதம் வந்தது. இடது காலும் இடது கையும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மருத்துவமனைக்கு வந்த டோயில் சக்கர நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் கழிச்சு உன் படை உனக்கு ஒரு கப்பல் குடுத்திருக்குடா" என்றார். நர்ஸ் முறைத்தாள். வெர்லினுக்குப் பாதி வாய்தான் சிரித்தது, ஆனாலும் வயிறு குலுங்கச் சிரித்தார். படுத்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

அதோடு சரி. ஏப்ரலில் மறுபடி மார்ஜ் கடைக்கு வந்தபோது அந்த மேசையில் என்னமோ கெட்டுப்போயிருந்தது. டோயில் ஓடிவந்து கதவைப் பிடித்தார். ராய்ஸ் கொலாச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டித் தட்டில் வைத்தார். லொரெட்டா தோளைத் தடவினாள். மூன்று பேரும் அவரை வெர்லின் என்று கூப்பிட்டார்கள். வெர்லின், காப்பி போதுமா. வெர்லின், குளிருதா. அவர் கிரேயானை எடுத்து வைத்தால் டோயில் மெல்லச் சிரித்து அதைப் பையில் போட்டுக்கொண்டார், திருப்பி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து மனைவி ஐரீனிடம் வெர்லின் பொருமித் தீர்த்தார். கால் போனதுகூடப் பரவாயில்லை, என்னை உயிரோடவே சவப்பெட்டியில வெச்சு மரியாதை பண்றானுங்க என்று சொல்லும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்கு முடிவு செய்தார். ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, பூங்காவில் ஊர் பேண்டு வாசிக்கும். ஒவ்வொரு படையின் பாட்டையும் ஒவ்வொரு சரணம் வாசிப்பார்கள். எந்தப் பாட்டு வருகிறதோ அந்தப் படையில் இருந்தவர்கள் மட்டும் எழுந்து நிற்பார்கள். தரைப்படைக்கு நாற்பது பேர் எழுவார்கள். கடலோரக் காவல் படைக்கு அந்த மாவட்டத்திலேயே ஒரே ஒரு ஆள். வெர்லின் எழாவிட்டால் பாட்டு அனாதையாக ஒலித்து ஓயும். எழுந்தே தீருவது, யார் கையையும் பிடிக்காமல் நிற்பது, அந்த மூன்று பேரும் பார்க்க நிற்பது. அதன்பிறகு எவன் தன் ரொட்டியை வெட்டுகிறான் என்று பார்த்துவிடலாம்.

இது ஐரீனுக்கு மட்டும்தான் தெரியும். சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தினமும் காலையில் எழுவார். அவள் போனில் பாட்டைப் போடுவாள். முதல் வாரம் இரண்டு வரி வருவதற்குள் பொத்தென்று விழுந்தார். மே மாதம் பாதிப் பாட்டு. ஜூன் கடைசியில் தொட்டியை விட்டுவிட்டு, வியர்த்து வழிய, ஒரு சரணம் முழுக்க நின்றுவிட்டார். ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்த வைத்தியரிடம் அப்புறம் அவர் போகவே இல்லை.

நாலாம் தேதி மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னாள் படைக்காரர்களுக்கு முதல் வரிசை. ஐரீன் நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். தரைப்படைப் பாட்டு வந்தது, ராய்ஸ் எழுந்தார். மரைன் பாட்டு வந்தது, டோயில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். கடற்படை வந்தது, லொரெட்டா எழுந்தாள். வெர்லின் வலது கையை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார். விமானப்படை வந்து போனது. அடுத்தது நம்முடையதுதான் என்று காலைப் பின்னுக்கு இழுத்தார். மேளம் ஒரு அதட்டு அதட்டி ஓய்ந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். பேண்டை நடத்துகிற அம்மாள் குனிந்து வணங்கினாள்.

அவ்வளவுதான். பாட்டுகள் முடிந்துவிட்டன. இந்த வருஷம்தான் ஊருக்கு வந்த பேண்டு அம்மாள், நேரம் இல்லையென்று ஒரு பாட்டைக் கழித்திருக்கிறாள். சோளக்காட்டில் கடலோரக் காவல் படைக்காரன் யார் இருக்கப்போகிறான் என்று நினைத்திருக்கிறாள். கேட்டால் சொல்ல ஊரே இருந்தது. கேட்கத்தான் தோன்றவில்லை.

ராய்ஸ் குனிந்து காதருகே, "எங்க பாட்டை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லட்டுமா? எங்களோட சேர்ந்து எழுந்துக்கோயேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். வெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாய்மூஞ்சிகளின் பாட்டுக்கு எழுந்திருக்கவா மூன்று மாதம் தொட்டியைப் பிடித்துத் தொங்கினார்?

அவர் எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. இடது முழங்கால் நடுங்கியது, பிறகு பூட்டிக்கொண்டது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். மேடையில் ஊர்ச் சபைக்காரர் தர்பூசணிப் போட்டியைப் பற்றி அறிவிக்க ஆரம்பித்துவிட்டு, அவரைப் பார்த்து நிறுத்தினார்.

"ஐயா, ஏதாவது வேணுங்களா?"

"என் பாட்டு வரலை. வந்தா உட்காருவேன்."

பேண்டு அம்மாள் பதறி இறங்கி வந்தாள். முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பாட்டின் தாள்களே தன்னிடம் இல்லை என்றாள், அடுத்த வருஷம் முதல் பாட்டாகவே வாசிப்பதாகச் சத்தியம் செய்தாள்.

"அடுத்த வருஷம் நான் நிப்பேனான்னு எனக்கே தெரியாதும்மா. இன்னிக்கு நிக்கிறேன். நீங்க வாசிக்கலேன்னா நானே உள்ளுக்குள்ள வாசிச்சுக்கறேன்."

பூங்காவே அவரைப் பார்த்தது. தலைக்குள் பாட்டை ஆரம்பித்தார். ஆனால் சமையலறை வேறு, வெயிலில் நிற்பது வேறு. இரண்டாவது வரியிலேயே தொடை துடித்தது. லொரெட்டா அவரோடு நிற்க எழப்போனாள். டோயில் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு அண்ணாந்து பார்த்து, நோயாளியிடம் பேசுகிற அந்தப் பாழாய்ப்போன மென்மையான குரலில் சொன்னார்.

"வெர்லின், போதும். கஷ்டப்படாத. நாங்க பாத்துட்டோம், உட்காரு வெர்லின்."

"இன்னொரு தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட, உன் மேலதான் விழுவேன்."

ஏப்ரலிலிருந்து நடந்ததெல்லாம் அப்போதுதான் டோயிலுக்கு உறைத்தது. அவர் கண் கலங்கியதை வெர்லின் பார்த்தார், பார்க்காதது போல இருந்தார். டோயில் பூங்காவின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"டேய் குட்டைக் கொள்ளைக்காரா! முழங்கால் தண்ணியில நின்னு பழகினவன்தானே, தரையில நிக்க என்னடா நடுக்கம்?"

பின்னால் ஒரு பெண்மணி அடப்பாவி என்று வாயைப் பொத்தினாள். சபைக்காரர் மைக்கில், தயவுசெய்து, தயவுசெய்து என்றார். வெர்லினின் முதுகு நிமிர்ந்தது. உன்னை மாதிரி ஆளுங்களைப் போர்க்களத்துக்கு ஏத்திட்டுப் போக கப்பல்காரன்தான் வேண்டியிருந்தது, வழியெல்லாம் வாந்தி எடுத்தவன் பேசாத என்று திருப்பிக் கொடுத்தார். ராய்ஸ் சேர்ந்துகொண்டார், உன் படகைக் குளிக்கிற தொட்டியிலதானே நிறுத்தி வெச்சே என்றார். லொரெட்டா கணவாய்ப் பரம்பரையின் மானத்தைக் காப்பாற்றும்படி ஒன்று சொன்னாள். அதை இங்கே அச்சில் போட முடியாது. ஒவ்வொரு வசவுக்கும் வெர்லின் பதில் சொன்னார். பதில் சொல்லச் சொல்லக் கால் ஊன்றி நின்றது. மூன்று பேரும் வாயால் அவரைக் கிழித்தார்களே தவிர, ஒருவர்கூட அவரோடு எழுந்து நிற்கவில்லை. அது அவருடைய பாட்டு.

கொஞ்ச நேரத்தில் டோயில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரு சரணம்தான்டா. உன் பாட்டு எப்பவோ முடிஞ்சிருக்கும். உட்காரு."

வெர்லினின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஐரீன் நாற்காலியை நெருக்கித் தள்ளினாள். அவர் அதை வலது கையால் பின்னுக்குத் தள்ளினார்.

"யாரையும் கேக்காம என் பாட்டை விட்டாங்கல்ல? அதுக்கு வட்டியா இன்னொரு சரணம் இருக்கு. நீ உன் கிரேயானைத் தின்னுட்டு இரு."

இரண்டாவது சரணத்தையும் அவர் நின்றே முடித்தார்.