பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

பொன்னேரி கோர்ட்டில் டவாலி, "ஜமுனா... ஜமுனா... ஜமுனா..." என்று கூப்பிட்டபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியாள் ஒருவர் வாயால் தன் பெயரைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

ஏரியில் யார் வலை எந்த நாளில் எந்த இடத்தில் இறங்கும் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்யும். அந்த முறையை 'பாடு' என்பார்கள். இந்த வருஷம் தலைவர் சுப்பராயலு சீட்டே போடாமல் நல்ல இடத்தைத் தன் மருமகனுக்குக் கொடுத்தார். "இது இன்னா நாயம்?" என்று ஜமுனாவின் புருஷன் கங்காதரன் கூட்டத்தில் கேட்டுவிட்டான். மறுநாளே ஊர் விலக்கு. வலை இறக்கக் கூடாது. கடையில் சாமான் கிடையாது. அவர்களோடு யார் பேசினாலும் அந்தக் குடும்பத்துக்கும் விலக்கு.

அந்தச் சட்டத்துக்கு போலீஸ் இல்லை, ஜெயில் இல்லை. ஆனாலும் ஊரே வாயை மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டு லோகாம்பாள்கூட அவளைக் கண்டால் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜமுனாவுக்குக் கோபத்தைவிட மலைப்புதான் அதிகம். ஒரே ஒரு மனுஷன் சொல்லி இவ்வளவு வாய்களும் எப்படி அடங்கின?

விலக்கை நீக்கச் சொல்லி அவள் போட்ட வழக்கு இது. சுப்பராயலு கூண்டில் ஏறினார்.

"விலக்கா? எங்க ஊர்ல அப்படி ஒண்ணுமே கெடையாதும்மா. சத்தியமா சொல்றேன்."

அவருக்குச் சாட்சி சொல்ல வந்த ஊர்க்காரர்கள் பின்பெஞ்சில் தலையாட்டினார்கள். லோகாம்பாளும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள்.

நீதிபதி சின்ன வயதுப் பெண். பேனாவை மூடி வைத்தார்.

"சரிங்க. அந்தம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அது போதும்."

சுப்பராயலு வாயைத் திறந்தார். பின்பெஞ்சைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நீதிபதி அவசரப்படுத்தவில்லை.

சுப்பராயலு கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டதை ஜமுனா பார்த்தாள். கூப்பிட்டால் அவர் போட்ட சட்டம் அவர் வீட்டின் மேலேயே விழும். இவருக்குமா பயம்? அவர் அடக்கி வைத்த ஊர்தான் இப்போது பின்பெஞ்சில் உட்கார்ந்து அவர் வாயை அடைக்கிறது.

"சாட்சி பதில் சொல்லலைன்னு எழுதிக்கோங்க," என்றார் நீதிபதி.

பின்னால் பெஞ்சு கிறீச்சென்றது.

"அடியே ஜமுனா, இன்னாடி இப்படி எளச்சிப்போயிட்டே?"

"லோகா!" என்று உறுமினார் சுப்பராயலு.

"இன்னா மாமா? வெலக்கே இல்லன்னு நீதானே இப்போ சத்தியம் பண்ணே? அப்போ நான் பேசினா இன்னா?"

"அமைதி, அமைதி" என்று கத்திய டவாலியை நீதிபதி கையமர்த்தினார். பின்பெஞ்சு மொத்தமும் ஜமுனாவையே பார்த்தது. எவரும் முகத்தைத் திருப்பவில்லை.

லோகாம்பாள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். ஜமுனா போய் உட்கார்ந்தாள்.