வெளிப்படிக்கட்டு

பல் டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொன்னால் திறக்காத ஆள் அந்தச் சபையில் இல்லை. சபையை நடத்தும் மூப்பர்கள் ஆறு பேரில் அவளும் ஒருத்தி; மற்ற ஐந்து பேருக்கும் அவள்தான் வைத்தியம். யாருடையது சொந்தப் பல், யாருடையது கட்டின பல் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவள் வாயைத் திறந்தால் மட்டும் அவர்களுக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

ஆலயத்தின் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்காக, மூப்பர்களில் ஒருவரான செயலாளர் சபை வரலாறு எழுதி, மூப்பர் கூட்டத்தில் வாசித்தார். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்; இனிக்க இனிக்க எழுதுவார். கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரப் போதகர், காய்ச்சலோடு அவர் போட்ட அஸ்திவாரம், கப்பலில் வந்திறங்கிய மணி, எல்லாம் இருந்தது. ‘அன்று முதல் அனைவரும் இங்கே ஒரே குடும்பமாய் ஆராதித்தோம்’ என்று முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மேல்மாடத்தைக் காணோமே அண்ணே,” என்றாள் டாக்டரம்மா.

மேல்மாடம் பிரசங்க மேடைக்கு நேரெதிரே, பின்சுவரை ஒட்டி இருந்தது. அதற்கு உள்ளேயிருந்து படி கிடையாது. வெளிச்சுவரோடு ஒரு கல் படிக்கட்டு, அதன் உச்சியில் ஒரு கதவு. வெள்ளைக்காரர்களும் அவர்களுடைய அலுவலகங்களில் எழுத்து வேலை பார்த்தவர்களும் கீழே உட்காருவார்கள். துணி வெளுத்தவர்கள், கப்பல் சரக்கு சுமந்தவர்கள், சமையல் வேலை செய்தவர்கள் எல்லாம் வெளிப்படியேறி மேலே போக வேண்டும். கடைசிப் பாட்டின்போது அந்தக் கதவை வெளியிலிருந்து தாழிட்டுவிடுவார்கள். கீழே இருந்தவர்கள் வண்டியேறிக் கேட்டைத் தாண்டின பிறகுதான் திறப்பார்கள்.

டாக்டரம்மாவின் அம்மா ஆறு வயதில் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று, அடக்க முடியாமல், புது உடுப்பை நனைத்துக்கொண்டவள். “துணி வெளுக்கிறவர் மக, அழுக்குத் துணியோட தெருவுல நடந்து போனேன்,” என்று இந்த வயதிலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்லுவாள்.

“நல்ல நாளும் அதுவுமா அதெல்லாம் எதுக்கும்மா?” என்றார் செயலாளர். “ஆறின புண்ணைக் கிளறுவானேன்? அந்தப் படியும் பார்க்க அசிங்கமா இருக்கு. விழா முடிஞ்ச கையோட இடிச்சிடலாம். நாலு கார் நிறுத்த இடமாச்சு.”

“சொத்தைப் பல்லை மூடி மேல தங்கம் வெச்சா சொத்தை போயிடுமாண்ணே? உள்ளுக்குள்ள சீழ்தான் பிடிக்கும்.”

வரலாற்றை அப்படியே விடுவதற்கும் படியை இடிப்பதற்கும் ஓட்டெடுத்தார்கள். ஐந்துக்கு ஒன்று. போதகர் சின்ன வயசுக்காரர். தலைமை தாங்குகிறவர் என்பதால், ஓட்டு சமமானால்தான் அவருக்கு ஓட்டு. பாவம், மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா வீட்டுக்கு வந்து கோபத்தைப் பாத்திரங்களிடம் காட்டினாள். “விடுடி, இடிச்சா இடிச்சிட்டுப் போறாங்க,” என்றாள் அம்மா. எப்படி விடுவது? படியை இடித்து, ஏட்டிலும் எழுதாமல் விட்டால், அம்மாவுக்கு நடந்தது நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனைக்கு வேதபுத்தகம்தான் முன்னே போகும். போதகர் அதன் பின்னே, மூப்பர்கள் அவர் பின்னே. வேதத்தைத் திறந்து வைக்கிற வரைக்கும் ராஜாவே வந்தாலும் பேசக் கூடாது. மூப்பர்கள் முறை வைத்து அதைச் சுமப்பார்கள். விழா ஞாயிறு டாக்டரம்மாவின் முறை. ஓட்டில் தோற்றவளுக்கு இந்த மரியாதையாவது இருக்கட்டும் என்று மற்றவர்கள் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்கள்.

அன்று ஆலயத்தில் எள் போட்டால் எள் விழாது. அம்மா முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தாள். போதகர் அறையிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. பெரிய வாசலுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் டாக்டரம்மா திரும்பவில்லை. சுவரோரமாகவே நடந்து, வெளிப்படியில் கால் வைத்தாள்.

“எங்க போறா இவ?” செயலாளர் அவள் கட்டிக்கொடுத்த பல்லைக் கடித்தார்.

போதகர் தயங்கி நின்றார். வேதம் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். போதகர் ஏறினால் மூப்பர்கள் என்ன செய்வார்கள்? மூட்டுவலியைச் சபித்துக்கொண்டு அவர்களும் ஏறினார்கள்.

மேல்மாடத்தில் சாய்மானம் இல்லாத பெஞ்சுகளும் தூசியும்தான் இருந்தன. அவள் மாடத்தின் முன்பக்கக் கைப்பிடிக் கட்டையில் வேதத்தை விரித்து வைத்தாள். விரித்த இடத்தில்தான் ஆராதனை. கீழே இருந்த அத்தனை பேரும் எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டி, அண்ணாந்து பார்த்தார்கள். செயலாளரும் வரலாற்றை அங்கிருந்தே வாசிக்க வேண்டியதாயிற்று. ‘ஒரே குடும்பமாய்’ என்ற இடத்தில் ஒரு தடவை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஆனாலும் மனிதர் ஒரு சொல்லை மாற்றவில்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு மிச்சமிருந்த இரக்கமும் போய்விட்டது.

கடைசிப் பாட்டு. வெளியே போகும்போதும் வேதம்தான் முதலில். அவள் அதை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டினாள். பின்னால் வந்த போதகர் வாசலுக்கு வருவதற்குள் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளுக்கு முதல் நாளே எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். போடுவதா வேண்டாமா என்பதைத்தான் அதுவரை முடிவு செய்யவில்லை. போட்டாள்.

“என்னம்மா விளையாட்டு இது? திற,” என்றது செயலாளரின் குரல்.

“கீழ இருக்கிறவங்க எல்லாரும் போகட்டும்ணே. அதுக்கப்புறம் திறக்கிறதுதான் இங்க வழக்கம்.”

“நான் சக்கரை வியாதிக்காரன்மா. அவசரமா பாத்ரூம் போகணும்.”

“எங்கம்மாவும் அதைத்தாண்ணே சொல்லியிருப்பாங்க. ஆறு வயசு.”

உள்ளே குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு, “சரி, படி இருக்கட்டும். வரலாற்றுலயும் எழுதிடறேன். திறம்மா,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“போதகர் இருக்காரு, மூப்பருங்க அஞ்சு பேரும் இருக்கீங்க. ஜெபம் பண்ணிக் கூட்டத்தை ஆரம்பிங்க. தீர்மானமாவே போட்டுடுங்க.”

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கியது கதவு வழியாகக் கேட்டது.

அம்மா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். மூடிய கதவு, மேல்படியில் வேதத்தை மடியில் வைத்தபடி மகள்.

“உள்ள யாருடி?”

“எல்லாரும்தாம்மா. நீ கேட்டைத் தாண்டினதும் திறந்துடறேன்.”

ஆராதனை முடிந்தால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல வீட்டுக்கு ஓடுகிறவள் அம்மா. அன்றைக்கு ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தாள். வழியில் நின்றவர்களை ஒருவர் விடாமல் நிறுத்தி, பிள்ளைகுட்டிகளெல்லாம் சௌக்கியமா என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.